அரசு ஸ்கூல்ல புள்ளைய சேத்தாச்சு, இனி எந்த மாசம் என்ன வேலை?

ஜூன் மாசம் ஸ்கூல் தொறந்து ஒரு வாரம் ஆச்சுன்னா எனக்கு போன் வர ஆரம்பிச்சிரும். "அக்கா, பாப்பாவ ஒன்பதாவது உங்க ஸ்கூல்லதான் சேத்துருக்கோம், என்னென்ன பாக்கணும்"னு. நான் டீச்சர் எல்லாம் இல்லங்க, வீட்ல மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிற ஆளு, பள்ளி மேலாண்மைக் குழுல ஒரு மெம்பர், அம்புட்டுதான். பெரியவன் அதே ஸ்கூல்ல ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் படிச்சு வெளிய வந்துட்டான், சின்னவ இப்ப பத்தாவது. ரெண்டு பேருக்கும் ஓடுனதுல தெரிஞ்சுக்கிட்டத ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்லிச் சொல்லி தொண்ட வத்திப்போச்சு, அதான் ஒரே தடவையா எழுதிப் போட்டுருவோம்னு உக்காந்தேன்.

தமிழ்நாட்டு அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கு சொல்றேன். இங்க உதவிக்குக் குறைச்சலே இல்ல, ஆனா ஒண்ணுகூட வீடு தேடி வராது. எல்லாத்துக்கும் ஒரு கடைசி தேதி இருக்கு, அந்த தேதிய நோட்டீஸ் போர்டுல ஒட்டுவாங்க, இல்ல பிரேயர்ல சொல்வாங்க, நம்ம புள்ள அப்ப பின்னாடி வரிசைல நின்னு பேசிட்டு இருக்கும். அதனால மாச வரிசைல சொல்லிட்டுப் போறேன், காலண்டர்ல நீங்களே குறிச்சுக்கோங்க.

ஜூன்: பேப்பர் வேல முதல்ல

சேக்கும்போது டிசி, ஆதார், சாதிச் சான்று, பிறப்புச் சான்று, பேங்க் பாஸ்புக் இதெல்லாம் கேப்பாங்க. வேற ஸ்கூல்ல இருந்து வர்றீங்கன்னா பழைய ஸ்கூல்ல புள்ளையோட எமிஸ் நம்பர (கல்வித் துறை ஆன்லைன் பதிவுல புள்ளைக்குப் போட்டிருக்குற நம்பர்) கேட்டு வாங்கிட்டு வந்துருங்க, அத வச்சுத்தான் இங்க ஆன்லைன்ல புள்ளைய இழுத்துப் போடுவாங்க. பிரைவேட்ல ஃபீஸ் பாக்கின்னு டிசிய பிடிச்சு வச்சுக்கிட்டாங்கன்னு நெறைய பேர் வந்து நிக்கிறாங்க. ஃபீஸ் வசூல் பண்ண டிசிய ஆயுதமா வச்சுக்கக் கூடாதுன்னு 2024ல சென்னை ஹைகோர்ட்டே சொல்லிருச்சு, பயப்படாம எச்.எம்.கிட்ட நேரா போய் விஷயத்த சொல்லுங்க.

இப்ப நான் பட்டத சொல்றேன். எங்க வீட்டுக்காரர் பேரு 'க'ல ஆரம்பிக்கும். தமிழ்ல 'க'ன்னு போட்டா முடிஞ்சு போச்சு, இங்கிலீஷ்ல எழுதும்போதுதான் வில்லங்கம். ஆதார்ல இனிஷியல் 'ஜி', அஞ்சாவது டிசில எழுதுனவங்க 'கே'ன்னு போட்டு விட்டுட்டாங்க. நானும் கவனிக்கல. பெரியவன் ஒன்பதாவதுல ஸ்காலர்ஷிப் பணம் ஏறாம நின்னுச்சு, பாத்தா பேங்க்ல ஒரு இனிஷியல், ஸ்கூல்ல ஒரு இனிஷியல். ஒரு எழுத்துக்காக இ-சேவை, பேங்க், ஸ்கூல் ஆபீஸ்னு ரெண்டு மாசம் நாய் மாதிரி அலைஞ்சேன், தைக்க வாங்குன துணியெல்லாம் அப்படியே கெடக்குது, வாங்கிக் கொடுத்தவங்க வாசல்ல வந்து சண்டை. அதனால சேத்த அன்னைக்கே ஆதார், பிறப்புச் சான்று, டிசி, பாஸ்புக் நாலையும் தரைல பரப்பி வச்சு பேரு, இனிஷியல், பிறந்த தேதி மூணையும் எழுத்து எழுத்தா ஒப்பிட்டுப் பாருங்க. தமிழ்லயும் பாக்கணும், இங்கிலீஷ்லயும் பாக்கணும். தப்பு இருந்தா ஒன்பதாவதுலயே சரி பண்ணுங்க, பத்தாவது மார்க் ஷீட்ல ஏறிருச்சுன்னா அப்புறம் மாத்துறது பெரிய பாடு.

புள்ள பேர்ல பேங்க் அக்கவுண்ட் இல்லன்னா தொறந்துருங்க, அதோட ஆதார லிங்க் பண்ணிருங்க. சும்மா ஆதார் ஜெராக்ஸ் குடுத்தா லிங்க் ஆனதா அர்த்தம் இல்ல, "ஸ்காலர்ஷிப் பணம் ஏறுற மாதிரி ஆதார் லிங்க் ஆயிருக்கா"ன்னு கவுண்டர்ல கேட்டே உறுதி பண்ணிக்கோங்க. ஆதார்ல இருக்குற போன் நம்பர் இப்ப கையில இருக்குற நம்பரான்னும் பாருங்க, ஓடிபி வராம எத்தனை பேர் இ-சேவைல முழிக்கிறாங்க தெரியுமா.

வருமானச் சான்றும் ஜூன்லயே போட்டு வைங்க, இ-சேவைல 60 ரூவா. வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார்னு மூணு மேச தாண்டி வரணும், கடைசி நேரத்துல ஓடுனா கிடைக்காது.

புத்தகம், நோட்டு ஸ்கூல்லயே குடுத்துருவாங்க. பஸ்ஸுக்கு பாஸ் வர்ற வரைக்கும் யூனிஃபார்ம் போட்டுட்டு கவர்மெண்ட் பஸ்ல போலாம், கண்டக்டர் எறங்கச் சொன்னா ஸ்கூல் ஐடிய காட்டச் சொல்லுங்க. சத்துணவு பத்தாவது வரைக்கும்தான், பிளஸ் ஒன் போனா டப்பா கட்டியாகணும். சைக்கிள் பிளஸ் ஒன்ல வரும். பொம்பளப் புள்ளைங்களுக்கு நாப்கின் ஸ்கூல்ல இலவசமா குடுக்குறாங்க, கூச்சப்பட்டு வாங்காம வந்துரும், டீச்சர்கிட்ட கேட்டு வாங்கச் சொல்லி நீங்கதான் சொல்லி விடணும்.

ஜூலைல இருந்து: யார்கிட்ட கேக்கறது

எல்லாத்துக்கும் எச்.எம். ரூம் வாசல்ல நிக்காதீங்க. மார்க், அட்டெண்டன்ஸ், பையன் நடவடிக்கைன்னா கிளாஸ் டீச்சர். சர்டிஃபிகேட், பேர் திருத்தம், ஸ்காலர்ஷிப் அப்ளிகேஷன்னா ஆபீஸ். கிளாஸ் வாட்ஸ்அப் குரூப் இருந்தா அதுல உங்க நம்பர சேக்கச் சொல்லுங்க, நெறைய வீட்ல அப்பா நம்பர குடுத்துட்டு அப்பா லாரில வடக்க போயிருப்பாரு, மெசேஜ் அங்க கிடக்கும், கடைசி தேதி இங்க போயிரும்.

பள்ளி மேலாண்மைக் குழு கூட்டம் மாசத்தோட கடைசி வெள்ளிக்கிழமை நடக்கும். நீங்க மெம்பரா இல்லாட்டியும் பரவால்ல, உங்க தெருவுல மெம்பர் யாருன்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க, பாத்ரூம்ல தண்ணி வரல, மேத்ஸுக்கு வாத்தியார் இல்லன்னா அங்கதான் தீர்மானம் போட்டு மேல அனுப்புவோம். தனியா ஒருத்தர் போய் கத்துறதுக்கும் தீர்மானமா போறதுக்கும் வித்தியாசம் இருக்கு.

ஜூலை 15 காமராசர் பிறந்த நாள், கல்வி வளர்ச்சி நாள்னு எல்லா ஸ்கூல்லயும் கொண்டாடுவாங்க, பேச்சு, கட்டுரை, ஓவியம்னு போட்டி வைப்பாங்க. புதுசா சேந்த புள்ளைக்கு மேடை பயம் போகணும்னா இதுதான் நல்ல எடம், ஸ்கூல் அளவுல தோத்தா யாருக்கும் தெரியாது. அப்புறம் ஆகஸ்ட் 15, செப்டம்பர் 5, நவம்பர் 14, குடியரசு தினம்னு வரிசையா வரும். தமிழ் வளர்ச்சித் துறையும் அண்ணா, பெரியார், காந்தி, அம்பேத்கர்னு தலைவர்கள் பேர்ல மாவட்ட அளவுல பேச்சுப் போட்டி நடத்துறாங்க, அதுக்கு பணப் பரிசு உண்டு. நல்லா பேசுற புள்ளைய தமிழ் ஐயா கண்ணுல படுற மாதிரி நிக்க வைங்க.

விளையாட்டுல இருக்குற புள்ளைங்களுக்கு ஜூலை ஆகஸ்ட்தான் சீசன். குறுவட்டப் போட்டி, அப்புறம் மாவட்டம், பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுப் போட்டின்னு மாநிலம் வரைக்கும் போகும். ஒவ்வொரு சர்டிஃபிகேட்டையும் லேமினேட் பண்ணாம ஃபைல்ல போட்டு வைங்க. பின்னாடி காலேஜ்ல ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு அதத்தான் கேப்பாங்க. பி.டி. சார் "வீட்ல விட மாட்டேங்குறாங்க"ன்னு புலம்பாத வருஷமே இல்ல, பத்தாவதுங்கறதுக்காக ஓடுற புள்ளைய நிப்பாட்டிடாதீங்க.

கலைத்திருவிழா

இது பத்தி கொஞ்சம் கூடவே எழுதுறேன், ஏன்னா எனக்கு ரொம்பப் பிடிச்சது. 2022ல ஆரம்பிச்சாங்க. ஸ்கூல் அளவுல ஜெயிச்சா வட்டாரம், அப்புறம் மாவட்டம், அப்புறம் மாநிலம். பரதம், பறையாட்டம், ஒயில், வில்லுப்பாட்டு, மண்பாண்டம் செய்யறது, நாடகம், மிமிக்ரின்னு லிஸ்ட் பெருசு. மாநில அளவுல ஜெயிக்கிறவங்களுக்கு கலையரசன், கலையரசின்னு பட்டம், வெளிநாட்டு டூர்கூட கூட்டிட்டுப் போயிருக்காங்க.

எங்க சின்னவ எட்டாவதுல குழு நடனத்துல இருந்தா. எட்டு புள்ளைங்க, ஒரே மாதிரி டிரஸ் வேணும், ஸ்கூல்ல இருந்து கொஞ்சம் காசு, மீதி நாங்க போட்டோம், தையல் நான். முந்தின நாள் ராத்திரி பதினொரு மணிக்கு கடைசி பாவாடைக்கு நாடா கோத்துக்கிட்டு இருக்கேன், பொண்ணு வந்து "அம்மா, நாளைக்கு ஒருத்தி வர மாட்டாளாம், அவங்க அப்பா விடலயாம்"னு நிக்கிறா. விடியக்காலைல டீச்சரும் நானும் அந்த வீட்டுக்குப் போனோம். அவர் பொண்ணு ஆடறதுக்கு எதிரி இல்ல, வட்டாரப் போட்டி நடக்குற ஊருக்கு எப்படிப் போவா, எப்ப திரும்புவா, கூட யாரு, எதுவும் அவருக்கு யாரும் சொல்லல, அதான் விஷயம். "நீங்க கூடப் போறீங்களாம்மா, அப்ப சரி"ன்னுட்டாரு. ரெண்டாவது பரிசுதான் வந்துச்சு, அது வேற கதை. நீங்க செய்ய வேண்டியது இதுதான், புள்ள பேரு குடுத்த உடனே எந்த தேதி, எந்த ஸ்கூல்ல நடக்குது, வண்டி யாரு ஏற்பாடு, கூடப் போற டீச்சர் நம்பர் என்ன, இந்த நாலையும் கேட்டு எழுதி வைங்க. முடிஞ்சா ஒரு அம்மா கூடப் போங்க, டீச்சருக்கும் துணையா இருக்கும்.

ஸ்காலர்ஷிப் பரீட்சைங்க: எந்த வகுப்புக்கு எது

இந்த எடத்துலதான் அதிகம் பேர் கோட்டை விடுறாங்க. வகுப்பு தாண்டிப் போச்சுன்னா திரும்ப எழுத முடியாது.

எட்டாவதுல என்எம்எம்எஸ், அதாவது தேசிய வருவாய் வழி, திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு. அரசு, உதவி பெறும் பள்ளில எட்டாவது படிக்கிற புள்ளைங்க எழுதலாம், வீட்டு வருமானம் வருஷத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள்ள இருக்கணும். பாஸாகி தேர்வானா ஒன்பதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் மாசம் 1000 ரூவா. மனத்திறன் ஒண்ணு, பாடம் ஒண்ணு, ரெண்டும் 90 கேள்வி, 90 நிமிஷம். மனத்திறன் பேப்பர பாத்துதான் புள்ளைங்க மெரளும், எண் வரிசை, கண்ணாடி பிம்பம், கடிகாரக் கணக்குன்னு வரும், மூணு மாசம் தினம் அரை மணி நேரம் பழகுனா போதும். இதுல இன்னொரு சிக்கல், செலக்ட் ஆனா மட்டும் போதாது, வருஷா வருஷம் போர்ட்டல்ல ரினியூவல் பண்ணணும். நம்ம புள்ள பேரு போயிருக்கான்னு வருஷா வருஷம் ஆபீஸ்ல கேளுங்க.

ஒன்பதாவதுல ட்ரஸ்ட், அதாவது ஊரகத் திறனாய்வுத் தேர்வு. கிராமப் பஞ்சாயத்து, பேரூராட்சில இருக்குற ஸ்கூல் புள்ளைங்களுக்கு மட்டும், நகராட்சி மாநகராட்சிக்கு கிடையாது. வருமானம் ஒரு லட்சத்துக்குள்ள. மாவட்டத்துக்கு 50 பையன் 50 பொண்ணு எடுப்பாங்க, வருஷம் 1000 ரூவா. தொகை சின்னதுதான், "இதுக்கா"ன்னு கேக்காதீங்க, ஓஎம்ஆர் ஷீட்ல, அதாவது விடைக்கு வட்டத்த நிரப்புற தாள்ல, எழுதிப் பழகறதுக்கே இது உதவும்.

பத்தாவதுக்கு முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு இருக்கு, அரசுப் பள்ளிப் புள்ளைங்களுக்கு மட்டும். பிளஸ் ஒன்ல தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு, 1500 பேருக்கு மாசம் 1500 வீதம் ரெண்டு வருஷம், அதுல பாதி இடம் அரசுப் பள்ளிக்கு. சிலபஸ் பத்தாவது தமிழ்தான். அதனால டென்த் தமிழ் புக்க லீவுல பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுறாதீங்க! எங்க வீட்ல போட்டாச்சு, அப்புறம் பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட கெஞ்சி வாங்குனோம்.

செப்டம்பர், டிசம்பர்: காலாண்டு, அரையாண்டு

காலாண்டு மார்க்க வச்சு புள்ளைய அடிக்கிறதும் திட்டறதும் வேஸ்ட். அந்தப் பேப்பர கையில வாங்கிப் பாருங்க, அதுதான் வேலை. சின்னவ காலாண்டு சயின்ஸ் பேப்பர நான் பாத்தேன், எனக்கு சயின்ஸ் தெரியாது, ஆனா ஒரு எடத்துல பதில் நீளமா எழுதி டிக் இல்லாம வட்டம் போட்டிருந்துச்சு. கேட்டா 28வது கேள்விக்கு எழுதிட்டு 29னு நம்பர் போட்டுருக்கா. இன்னொரு எடத்துல அஞ்சுல மூணு எழுதச் சொன்னதுக்கு ரெண்டுதான் எழுதிருக்கா, கட்டாய வினான்னு ஒண்ணு இருக்குறதையே பாக்கல. எல்லாம் சேத்து பதினோரு மார்க். தெரியாம போனது இல்ல, கவனிக்காம போனது. இத அம்மா அப்பா யாரு வேணா கண்டுபிடிக்கலாம், படிச்சிருக்கணும்னு அவசியமே இல்ல.

மார்க் கணக்கும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. பத்தாவதுல அஞ்சு பாடம், மொத்தம் 500, ஒவ்வொண்ணுலயும் 35 பாஸ். சயின்ஸ்ல தியரி 75, செய்முறை 25, தியரில தனியா 20 எடுத்தே ஆகணும், செய்முறைல முழுசா வாங்கிட்டு தியரில கோட்டை விட்டா பாஸ் கிடையாது. பிளஸ் டூல ஆறு பாடம், 600. செய்முறை இருக்குற பாடத்துக்கு தியரி 70, செய்முறை 20, இன்டர்னல் 10. செய்முறை இல்லாததுக்கு 90, 10. இந்த இன்டர்னல் 10 வருஷம் பூரா ஸ்கூலுக்கு ஒழுங்கா வந்து, டெஸ்ட் எழுதி, அசைன்மென்ட் வச்சா வர்ற மார்க், கல்யாணம் காதுகுத்துன்னு லீவு போட வச்சா அதுல கை வைக்கிறீங்கன்னு அர்த்தம். பிளஸ் ஒன்னுக்கு 2025-26ல இருந்து பொதுத்தேர்வு எடுத்துட்டாங்க, அதனால பிளஸ் ஒன்ன சும்மா தள்ளிறலாம்னு புள்ளைங்க நெனைக்குது, பிளஸ் ஒன் பாடம் தெரியாம பிளஸ் டூ பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி ஏறாது. நீட், ஜேஇஇ எழுதுற புள்ளைன்னா ரெண்டு வருஷப் பாடமும் வேணும்.

ஸ்பெஷல் கிளாஸ் காலைலயும் சாயங்காலமும் வைப்பாங்க. மெல்லக் கற்கும் மாணவர்னு ஒரு லிஸ்ட் போட்டு தனியா உக்கார வச்சு புக் பேக் கேள்வி, ஒன் மார்க், மேப்னு பாஸ் ஆகுற அளவுக்கு சொல்லிக் குடுப்பாங்க. அந்த லிஸ்ட்ல நம்ம புள்ள பேரு வந்தா அவமானம்னு சில பேரு வந்து சண்டை போடுறாங்க. விடுங்க, அந்தக் கிளாஸ்ல உக்காந்துதான் எங்க பெரியவன் மேத்ஸ்ல கரை ஏறுனான். கிராஃப்ல எட்டு மார்க், வடிவியல்ல எட்டு மார்க், அது ரெண்டையும் தினம் ஒண்ணு போட வச்சாரு சார், முதல்ல அளவுகோல் பிடிக்கவே தெரியாம இருந்தவன்.

பிளஸ் ஒன்ல பிரைவேட்டுக்கு மாத்தறதுக்கு முன்னாடி

டென்த்ல 450க்கு மேல வாங்கிருச்சுன்னா உடனே சொந்தக்காரங்க கெளம்பிருவாங்க, "அந்த ஸ்கூல்ல போடுங்க, நீட் கோச்சிங்கோட சொல்லித் தர்றாங்க"ன்னு. உங்க இஷ்டம்தான். ஆனா ஒரு கணக்கப் போட்டுப் பாத்துட்டு மாத்துங்க. ஆறுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளில படிச்ச புள்ளைக்கு மெடிக்கல்ல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020ல வந்துச்சு, அடுத்த வருஷம் இன்ஜினியரிங், அக்ரி, சட்டம்னு மத்த படிப்புக்கும் வந்துச்சு, அதுல சீட் வாங்குனா ஃபீஸும் அரசே கட்டுது. பொண்ணுன்னா புதுமைப் பெண், 2022ல இருந்து. பையன்னா தமிழ்ப் புதல்வன், 2024ல இருந்து. காலேஜ், டிப்ளமோ, ஐடிஐ எது படிச்சாலும் மாசம் 1000 ரூவா. இது எல்லாத்துக்கும் ஆறு டு பன்னெண்டு கணக்கு. நடுவுல ரெண்டு வருஷம் வெளிய போனா அம்புட்டும் போச்சு. எங்க தெருவுல ஒரு புள்ள அப்படிப் போய் பிளஸ் டூ முடிச்சு, கவுன்சிலிங் நேரத்துல அவங்கம்மா என்கிட்ட வந்து "ஆறுல இருந்து பத்து வரைக்கும் அங்கதான படிச்சா, அஞ்சு வருஷம் இருக்கே"ன்னு கேட்டாங்க. என்ன சொல்றது.

தமிழ் மீடியத்துல படிக்கிற புள்ளைன்னா அதுக்கும் ஒரு மதிப்பு இருக்கு, தமிழ் வழில படிச்சவங்களுக்கு மாநில அரசு வேலைல 20 சதவீத முன்னுரிமை. அதுக்கான சான்று ஒண்ணாம் வகுப்புல இருந்து எங்கெங்க படிச்சீங்களோ அங்கெல்லாம் வாங்கணும், ஸ்கூல விட்டு வரும்போதே கேட்டு வாங்கிருங்க.

நவம்பர் வாக்குல: நாமினல் ரோல்

பொதுத்தேர்வு எழுதப் போற புள்ளைங்க பேர் பட்டியல ஸ்கூல்ல தயார் பண்ணி ஆன்லைன்ல ஏத்துவாங்க. புள்ளைகிட்ட ஒரு பேப்பர குடுத்து சரி பாத்து கையெழுத்து வாங்கிட்டு வரச் சொல்வாங்க. அந்தப் பேப்பர சமையல் பண்ணிக்கிட்டே கையெழுத்து போட்டுக் குடுக்காதீங்க, தயவு செஞ்சு. போட்டோ, பேரு, இனிஷியல், பிறந்த தேதி, அப்பா அம்மா பேரு, மீடியம், மொழிப்பாடம் எல்லாத்தையும் பாத்துட்டு கையெழுத்து போடுங்க. இங்க இருக்குறதுதான் மார்க் ஷீட்ல வரும்.

மாற்றுத்திறன் புள்ளைங்க, கற்றல் குறைபாடு இருக்குற புள்ளைங்களுக்கு சலுகை கேக்கணும்னா அதுவும் இந்த நேரத்துக்கு முன்னாடியே கேட்டுறணும். கூடுதலா ஒரு மணி நேரம், சொல்வதை எழுதறதுக்கு ஆள், ஒரு மொழிப்பாடத்துல விலக்கு, கீழ்த்தளத்துல ரூம்னு குறைபாட்டுக்கு ஏத்த மாதிரி குடுப்பாங்க. மெடிக்கல் சர்டிஃபிகேட்டோட எச்.எம். வழியா விண்ணப்பம் போகணும். வட்டார வள மையத்துல இருந்து வர்ற சிறப்பாசிரியர் எந்த நாள் ஸ்கூலுக்கு வர்றாங்கன்னு கேட்டு அவங்கள பாருங்க, அவங்களுக்கு இந்த வழியெல்லாம் அத்துப்படி. பரீட்சைக்கு ஒரு வாரம் முன்னாடி வந்து அழுதா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது, பாத்துருக்கேன்.

புள்ள மனசு

ஜனவரி, பிப்ரவரில திருப்புதல் தேர்வு மேல திருப்புதல் தேர்வா வரும், நடுவுல செய்முறைத் தேர்வு. புள்ளைங்க காஞ்சு போயிருக்கும். சாப்பிடாம, தூங்காம, பேசாம இருந்தா "படிக்கிறா"ன்னு நெனைச்சுக்காதீங்க, பக்கத்துல போய் உக்காருங்க. ஸ்கூல்ல மாணவர் மனசுன்னு ஒரு பெட்டி இருக்கும், பேரு போடாம எழுதிப் போடலாம். 14417க்கு போன் பண்ணலாம், பள்ளிக்கல்வித் துறையோட உதவி எண், பரீட்சை பயத்துல இருந்து ஸ்கூல்ல யாராவது தப்பா நடந்துக்கிட்டாங்கங்கற வரைக்கும் சொல்லலாம். புள்ளைங்களுக்கு ஆபத்துன்னா 1098. மனசு சரியில்லன்னா 104லயும் பேசுவாங்க, ரிசல்ட் நேரத்துல முக்கியமா. இந்த மூணு நம்பரையும் புள்ள நோட்டோட கடைசிப் பக்கத்துல எழுதி வைங்க, உங்க போன்ல மட்டும் இருந்து பிரயோஜனம் இல்ல.

இன்னொண்ணு, சொல்லவே கஷ்டமா இருக்கு ஆனா தெரிஞ்சிருக்கணும். வீட்ல சம்பாதிக்கிற அப்பாவோ அம்மாவோ விபத்துல இறந்துட்டா இல்ல நிரந்தரமா முடங்கிட்டா, அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளில படிக்கிற புள்ள பேர்ல 75,000 ரூவா போடுற திட்டம் இருக்கு. ஸ்கூல் வழியாத்தான் விண்ணப்பம் போகும். துக்க வீட்ல யாருக்கும் இது ஞாபகம் வராது, பக்கத்து வீட்டுக்காரங்கதான் எடுத்துச் சொல்லணும்.

மார்ச்: பரீட்சை நாள்

முந்தின நாளே பையில ஹால் டிக்கெட், ரெண்டு பேனா, பென்சில், ஸ்கேல், ரப்பர் போட்டு வைங்க. நீலம் இல்ல கறுப்பு, ஏதாவது ஒண்ணு, கலர் பேனா ஸ்கெட்ச் எல்லாம் வீட்லயே இருக்கட்டும். தேர்வு மையம் வேற ஸ்கூல்னா முந்தின ஞாயித்துக்கிழமையே ஒரு தடவ கூட்டிட்டுப் போய் காட்டிருங்க, பஸ் எத்தனை மணிக்குன்னும் பாத்துக்கோங்க. காலைல இட்லி போதும், புதுசா எதுவும் செஞ்சு குடுக்காதீங்க, எங்க வீட்ல ஒரு தடவ பூரி சுட்டுக் குடுத்துட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

10 மணிக்கு பெல், கேள்வித்தாள் குடுப்பாங்க. முதல் 10 நிமிஷம் படிக்க மட்டும், எழுதக் கூடாது. அடுத்த 5 நிமிஷம் விடைத்தாள் முகப்புல போட்டோ, பேரு, நம்பர், பாடம் சரியான்னு பாத்து கையெழுத்து. 10.15ல இருந்து 1.15 வரைக்கும் எழுதணும். அந்த பத்து நிமிஷத்த என்ன பண்ணணும்னு முன்னாடியே சொல்லிக் குடுங்க, கட்டாய வினா எது, சாய்ஸ் எதுல, எத மொதல்ல எழுதப் போறோம்னு கேள்வித்தாள கண்ணால ஒரு சுத்து சுத்தி வந்துறணும். தெரியாத கேள்வி வந்துச்சுன்னு கோவத்துல எழுதுன எல்லாத்தையும் குறுக்க அடிச்சு வச்சுட்டு வர்ற புள்ளைங்க இருக்குது, அது ஒழுங்கீனம்னு எடுத்துக்கிட்டு அடுத்த பரீட்சை எழுத விடாம தடை போடுவாங்க, இத கண்டிப்பா சொல்லி அனுப்புங்க.

வெளிய வந்ததும் கேள்வித்தாள வாங்கி "இதுக்கு என்ன எழுதுன"ன்னு வாசல்லயே வச்சு விசாரிக்காதீங்க. மோர் குடுங்க.

மே: ரிசல்ட்டுக்கு அப்புறம்

மார்க் நெட்ல வந்துரும், ஸ்கூல் ரெக்கார்டுல இருக்குறது மாதிரியே பிறந்த தேதி போட்டுப் பாருங்க. சில நாள்ல தற்காலிக மார்க் ஷீட் எடுக்கலாம். ஃபெயில்னா ஒரு வருஷம் போச்சுன்னு அர்த்தம் இல்ல, துணைத்தேர்வு சீக்கிரமே வந்துரும், அதே வருஷம் பிளஸ் ஒன்னோ காலேஜோ சேந்துறலாம், ஸ்கூலுக்குப் போய் உடனே அப்ளை பண்ணுங்க, அதுக்கு குடுக்குற நாள் ரொம்பக் கம்மி. பிளஸ் டூல மார்க் கம்மியா வந்துருக்குன்னு சந்தேகம்னா மொதல்ல விடைத்தாள் நகலுக்குப் போடணும், அது கைக்கு வந்ததும் பாடம் எடுத்த டீச்சர்கிட்ட காட்டுங்க, அவங்க "கூடும்"னு சொன்னா மட்டும் மறுகூட்டலோ மறுமதிப்பீடோ போடுங்க. நகல் வாங்காம நேரா மறுமதிப்பீடு போக முடியாது.

காலேஜ் என்ன சேர்றதுன்னு தெரியலன்னா நான் முதல்வன்னு அரசு நடத்துற வழிகாட்டித் திட்டத்துல ஸ்கூல்லயே வழிகாட்டி டீச்சர் ஒருத்தர் இருப்பாங்க, அவங்கள பாருங்க. எதுலயும் சேராம நிக்கிற புள்ளைங்களுக்கு உயர்வுக்குப் படின்னு கேம்ப் நடக்கும், அங்கயே காலேஜ்காரங்க, பேங்க்காரங்க, இ-சேவை எல்லாம் ஒரே எடத்துல இருப்பாங்க. வீட்ல யாருமே டிகிரி முடிக்கலன்னா முதல் பட்டதாரி சான்று போட்டுருங்க, இன்ஜினியரிங் ஃபீஸ்ல கழியும்.

டிசி வாங்கும்போது ஆபீஸ்லயே நின்னு ஒரு தடவ படிச்சுப் பாருங்க, பேரு, இனிஷியல், பிறந்த தேதி. தப்பு இருந்தா அங்கயே திருத்தி வாங்கிட்டு வாங்க. அப்புறம் டிசி, மார்க் ஷீட், சாதிச் சான்று மூணையும் ஜெராக்ஸ் கடைல குடுத்து பத்துப் பத்து காப்பி எடுத்துருங்க, போன்லயும் போட்டோ பிடிச்சு வைங்க. காலேஜ்ல ஒரிஜினல வாங்கி வச்சுக்குவாங்க, ஹாஸ்டல், ஸ்காலர்ஷிப், பஸ் பாஸ்னு ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு காப்பி கேப்பாங்க, எங்க பெரியவனுக்கு பத்து பத்தல.